நாற்பத்தொன்றாம் வீட்டு ரத்தம்

1

என் தங்கையின் பிள்ளைகள் இரண்டு பேரில் ஒருவருடைய ரத்தத்தில் ஈயம் அளவுக்கு மீறி இருந்தது. அது எந்தப் பிள்ளை என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இரண்டு வருடமாக வாயை மூடிக்கொண்டு இருக்கிறீர்கள்.

சென்னையில் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவின் தலைவருக்கு இதைச் சொல்கிறேன். கல்லூரியின் பெயரைப் போட வேண்டாம் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். சரி, போடவில்லை. தன்னைத்தான் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மனிதர்களிடம் ரத்தம் எடுத்தோ கேள்வி கேட்டோ ஒரு கல்லூரி ஆராய்ச்சி செய்ய வேண்டுமானால், முதலில் அங்கே ஒரு குழு உட்கார்ந்து அனுமதி கொடுக்க வேண்டும். டாக்டர், வக்கீல், படிப்புக்குச் சம்பந்தமில்லாத வெளியாள் ஒருவர், எல்லாரும் அதில் இருப்பார்கள். ரத்தம் கொடுக்கிறவனுக்குக் கெடுதல் வராமல் பார்ப்பது அவர்கள் வேலை. இப்படி ஒரு குழு உலகத்தில் இருப்பதே எனக்குப் போன ஜனவரி வரை தெரியாது.

நான் எண்ணூர் ஆற்று ஓரம் ஒரு குப்பத்தில் பிறந்தவன். இருபது வருடமாகக் கனடாவின் கிழக்குக் கரையில் ஒரு துறைமுகத்தில் ரீஃபர் மெக்கானிக். மீனும் இறாலும் பழமும் வரும் குளிர்பெட்டிகளை ரிப்பேர் செய்கிறேன். இந்தப் பத்திரிகையில் முன்பு பனியைப் பற்றியும், இங்கே வாடகை வீடு பிடித்த கதையையும் எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுச் சிரித்ததாகச் சிலர் கடிதம் போட்டார்கள். இதைப் படித்துச் சிரிக்க எதுவும் இல்லை. பயத்தில் எழுதுகிறேன். பிள்ளைகளின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

2

என் மகள் கீர்த்தனா இங்கே கல்லூரியில் இரண்டாம் வருடம். துறைமுகத் தொழிலாளர்களின் உடம்பு நோவு பற்றி ஒரு சின்ன ஆராய்ச்சி. பத்து பேரிடம் பேச வேண்டும். முதல் ஆள் நான்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில் நான்கு பக்கம் வைத்தாள். நான் பேனாவை எடுத்துக் கையெழுத்து எங்கே என்று கேட்டேன். பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"படிக்காம போடக் கூடாதுப்பா. எல்லா பக்கமும்."

அவள் தமிழ் அப்படித்தான். உறைந்த தரையில் வழுக்காமல் நடப்பது மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக வைப்பாள். வீட்டில் மட்டும், எனக்காக மட்டும்.

அவளுடைய கல்லூரிக் குழு அவள் விண்ணப்பத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டதாம். முதல் முறை, பேசும்போது யாராவது அழுதால் என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டாம் முறை, உன் அப்பா உன்னிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வார் என்று கேட்டிருக்கிறார்கள். அதனால் அவளை வைத்துக்கொண்டு என்னிடம் சம்மதம் கேட்கக் கூடாது, வேறு ஆள்தான் கேட்க வேண்டும்.

ஆகவே அவளோடு படிக்கும் ஒரு சீனப் பையன் வந்தான். கீர்த்தனா மாடிக்குப் போய்விட்டாள். உங்களுக்கு ஏதாவது பிரஷர் இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டான். பிரஷர் நார்மல், சுகர்தான் கொஞ்சம் உண்டு என்றேன். அவன் சிரிக்காமல், யாராவது வற்புறுத்துகிறார்களா என்று திரும்பக் கேட்டான். விருப்பமில்லை என்றால் என்னிடம் சொல்லுங்கள், நீங்கள் சொன்னதாகச் சொல்லாமல் வேறு காரணம் சொல்லிவிடுகிறேன் என்றான்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பெற்ற பெண்ணிடம் முதுகுவலியைச் சொல்ல இத்தனை காவலா என்று நினைத்தேன். அவன் போன பிறகு நான்கு பக்கத்தையும் படித்தேன். நடுவில் நிறுத்திவிடலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. நான் சொன்னது எங்கே பூட்டி வைக்கப்படும். மனக்குறை இருந்தால் யாரை அழைப்பது. மூன்றாம் பக்கத்துக்கு வரும்போது படிப்பதை நிறுத்திவிட்டேன். இதே மாதிரி நான்கு பக்கம் முன்பும் ஒருமுறை என் கையில் இருந்தது. அன்றைக்கு நான் படித்தது ஒரே பக்கம்.

3

இரண்டு வருடத்துக்கு முன் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். கிளம்ப நான்கு நாள் பாக்கி.

கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியரும் மூன்று பெண்களும் வேனில் வந்தார்கள். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். நேராக ஊர்த் தலைவர் ஏழுமலை மாமாவிடம் போனார்கள். அவர் சரி என்று சொல்லிவிட்டார்.

எங்கள் குப்பத்தில் தலைவர் சரி என்றால் ஊர் சரி என்றதாக அர்த்தம். சாவு விழுந்தால் யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது என்பதை ஊர் சொல்லும். ஆற்றில் இறால் பிடிக்க எந்த நாள் யாருக்கு முறை என்பதை ஊர் சொல்லும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஊர்ச் சொல்லை மீறின வீட்டுக்குப் பாடு கிடைக்காது. ரத்தம் கொடுக்காவிட்டால் பாடு இல்லை என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லை. பேராசிரியருக்கு இது தெரியாது என்று நான் நம்ப மாட்டேன். அதனால்தான் வீடு வீடாகப் போகாமல் தலைவரிடம் போனார்.

கோயில் திடலில் கூட்டம் கூடியது. தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"நைனா, நீ ஃபாரின்ல கீற. இன்னா எழுதிகீதுன்னு பாத்து சொல்லு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தேன். நான்கு பக்கப் படிவம், ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. தமிழ், ஆங்கிலத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. முதல் பக்கத்தைப் படித்தேன். மற்றதைப் புரட்டினேன். வெயில். ராயபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. மைக்கை வாங்கிச் சொன்னேன்:

"நல்ல விஷயந்தான். நான் படிச்சுப் பாத்துட்டேன். அல்லாரும் குடுங்கோ."

இப்படித்தான் சொன்னேன். படிச்சுப் பாத்துட்டேன் என்று.

அடுத்து நடந்தது எங்கள் ஊரில் மட்டும்தான் நடக்கும். எங்களுக்கு எல்லாக் கணக்கும் தலைக்கட்டுக் கணக்கு. கல்யாணமான ஒரு ஆண் ஒரு தலைக்கட்டு. வெள்ள நிவாரண அரிசியானாலும் கோயில் வரியானாலும் தலைக்கட்டுக்கு ஒன்று. ஊர் நோட்டு எழுதும் தேசப்பன் அந்த நோட்டைக் கொண்டுவந்து வரிசையாகப் பெயர் கூப்பிட்டான். பிள்ளைக்கு ஒரு ஃபாரம் போட வேண்டும் என்று கல்லூரிப் பெண் ஒருத்தி சொன்னாள்.

"இன்னாம்மா நீ, ஒரே வூட்டுக்கு எத்தினி ஃபாரம்? நாலு புள்ள பெத்தவன் நாள்பூரா கையெழுத்து போட்டுகினு கெடப்பானா? தலைக்கட்டுக்கு ஒண்ணு. அதான் வழக்கம்" என்றான் தேசப்பன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அந்தப் பெண் பேராசிரியரைப் பார்த்தாள். அவர் மணி பார்த்தார். சரி, வீட்டுக்கு ஒரு நம்பர், பிள்ளைகள் வருகிற வரிசைப்படி ஒன்று, இரண்டு என்று பக்கத்தில் போட்டுக்கொள் என்றார்.

என் தங்கை தனம் மீன் விற்கத் திருவொற்றியூர் போயிருந்தாள். மச்சான் ஆற்றில் இருந்தான். அவர்கள் தலைக்கட்டு நம்பர் நாற்பத்தொன்று. மச்சான் பெயரில் கையெழுத்துப் போட்டவன் நான். அப்போது வைஷ்ணவிக்கு ஏழு வயது, லோகேஷுக்கு ஐந்து. இரண்டு பேரையும் நான்தான் கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தேன். ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் பென்சில் டப்பாவும் கொடுத்தார்கள்.

லோகேஷ் அழுதான். அது ஞாபகம் இருக்கிறது. அக்காவைக் குத்துவதைப் பார்த்து அழுதானா, தன்னைக் குத்தியதால் அழுதானா, அது ஞாபகம் இல்லை.

4

கீர்த்தனாவின் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு காலை, வேலை இடைவேளையில், தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. அந்த ஆராய்ச்சியில் வேலை பார்த்த மூன்று பெண்களில் ஒருத்தி. இப்போது வேறு இடத்தில் இருக்கிறாள். என் நம்பரைத் தனத்திடம் வாங்கியிருக்கிறாள்; எதற்கு என்று தனத்திடம் சொல்லத் தைரியம் வரவில்லையாம்.

"நான் சொல்றது தப்பு சார். சொல்லாம இருக்கறது அதைவிடத் தப்புன்னு படுது."

நாற்பத்தொன்று-ஒன்று சாதாரணம். நாற்பத்தொன்று-இரண்டுக்கு ஈயம் அந்த ஊர்ப் பட்டியலிலேயே அதிகம். இரண்டு என்றால் யார் என்று கேட்டேன். அட்டவணையில் பெயர் இல்லை, இரண்டாவதாக ரத்தம் கொடுத்த பிள்ளை என்றுதான் அர்த்தம் என்றாள். பெயரும் நம்பரும் சேர்ந்திருப்பது அன்றைக்கு எழுதிய ரெஜிஸ்டரில் மட்டும். அது கல்லூரி பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. யார் இரண்டாவது, உங்களுக்கு ஞாபகம் இருக்குமே சார் என்றாள்.

நான் ஒரு பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். எங்கள் யார்டில் எத்தனையோ பெட்டிகள். உள்ளே இறால் கெட்டுப்போனால் எந்தப் பெட்டி, எந்த நாள், எத்தனை மணிக்குக் குளிர் குறைந்தது என்று உடனே சொல்லிவிடுவேன். என் கையால் நாற்காலியில் உட்கார வைத்த பிள்ளையைப் பற்றி என்னால் சொல்ல முடியவில்லை.

தனத்திடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எழுத விருப்பமில்லை. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "உன் கண்ணு முன்னாலதானேண்ணா எடுத்தாங்கோ" என்று மட்டும் கேட்டாள்.

பிள்ளைகளைக் கேட்டோம். லோகேஷுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை, பிஸ்கட்டைத் தவிர. வைஷ்ணவி பட்டென்று சொன்னாள், நான்தான் ஃபர்ஸ்ட்டு என்று. அப்படியானால் இரண்டாவது லோகேஷ்.

புதிதாக ரத்தம் பார்த்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். பார்த்தோம். அரசு ஆஸ்பத்திரி டாக்டர் நல்லவர், உட்கார வைத்துச் சொன்னார். இரண்டு பேருக்கும் இப்போது ஏறக்குறைய ஒரே அளவு, கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் ரத்தம் சமீபத்துக் கதையைத்தான் சொல்லும். பழைய ஈயம் எலும்பில் போய் உட்கார்ந்திருக்கும். மூளையைத் தொட்டிருந்தால் அது திரும்பாது. அவ்வளவு அதிகம் இருந்த பிள்ளைக்குப் படிப்பு, காது, வளர்ச்சி எல்லாம் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பழைய ரிப்போர்ட்டைக் கொண்டு வாருங்கள் என்றார். இல்லை என்றதும், அதுவரை இரண்டு பேரையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

சொல்வது சுலபம். தனம் விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து, மதியம்வரை விற்றுவிட்டு வருகிறவள். இரண்டு பேரைப் பார்க்க அவளிடம் பொழுது இல்லை. வைஷ்ணவி சொன்னதை நம்பிக்கொண்டாள். லோகேஷைப் பிடித்து வீட்டுக்குள் உட்கார வைத்தாள். அவனுக்கு முட்டை, அவனுக்கு டானிக், அவனுக்குக் காது டெஸ்ட். அவன் வாய்ப்பாடு தப்பாகச் சொன்னால் எனக்கு ஃபோன். "ஏழு எட்டுக்கு முழிக்கிறாண்ணா, அதானா இது?" ஏழு வயதில் நானும் ஏழு எட்டுக்கு முழித்தவன்தான். ஆனால் இது ஈயம் இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்வேன்? வைஷ்ணவி பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்பாவோடு சேற்றில் இறங்கி வலை உதறப் போய்க்கொண்டிருந்தாள்.

இப்போது ஃபோன் அடித்தால் மூன்று முறை அடிக்க விட்டுத்தான் எடுக்கிறேன்.

5

கீர்த்தனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் கேட்டது ஒரே கேள்வி. நீங்க படிக்கலையா? ஆங்கிலத்தில் கேட்டாள். என்னிடம் அவள் ஆங்கிலத்தில் பேசினால் கோபமாக இருக்கிறாள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு இரண்டு மாதம் வீட்டில் தமிழ் இல்லை.

ஆனால் கடிதத்தை அவள்தான் எழுதினாள். அன்றைக்குத் தலைவருக்காக நான்கு பக்கத்தையும் ஃபோனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதில் நான்காம் பக்கத்தில் இருந்தது நெறிமுறைக் குழுவின் முகவரி. மூன்றாம் பக்கத்தில் இருந்தது இது: தனிப்பட்ட முடிவு வேண்டுமென்றால், ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக, பெற்றோர் எழுதிக் கேட்க வேண்டும். ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. அப்படி ஒரு வரி இருப்பதே தெரியாதே. தெரிந்து சொல்ல வேண்டியவன் கல்யாணத்துக்குப் போய்விட்டான்.

தனமும் ஒரு மனு எழுதி, மீன் விற்கிற புடவையை மாற்றிக்கொண்டு, எர்ணாவூரிலிருந்து இரண்டு பஸ் மாறி அந்தக் கல்லூரிக்குப் போனாள். கேட்டில் இருந்த வாட்ச்மேன் மனுவை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டான்.

"வாங்கிக்கினதுக்கு ஒரு சீட்டுகூட தர்ல. மீன் நாத்தம் அடிக்குதான்னு வேற மோந்து பாத்தான், கலீஜு பையன்" என்றாள்.

அவள் மனுவுக்குப் பதிலே இல்லை. என் கடிதத்துக்கு ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. ஆராய்ச்சி முறையான அனுமதியோடு நடந்தது. ரெஜிஸ்டரைத் திறக்க வேண்டுமானால் அந்தக் குழந்தையின் பெயரில் தனி ஒப்புதல் படிவம் இருக்க வேண்டும். நாற்பத்தொன்றாம் எண்ணில் எந்தக் குழந்தைக்கும் அப்படித் தனிப் படிவம் இல்லை, ஆகவே இயலாது. எனக்குக் கேட்கும் உரிமையும் இல்லை, நான் பெற்றோர் இல்லையாம். கடைசி வரி: ரகசியத் தகவலை உங்களுக்குச் சொன்னவர் பெயரைத் தெரிவிக்கவும்.

கீர்த்தனா இரண்டு முறை படித்தாள்.

"அப்பா, ஃபாரம் இல்லாம ரத்தம் எடுத்தாங்க. இப்ப ஃபாரம் இல்ல, அதனால சொல்ல மாட்டோம்னு சொல்றாங்க. சரியா புரியுதா எனக்கு?"

சரியாகத்தான் புரிந்திருக்கிறது என்றேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் தமிழ் அது.

அந்தப் பெண்ணின் பெயரைத் தர மாட்டேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

6

போன வாரம் வைஷ்ணவி அழைத்தாள். அம்மாவின் ஃபோனிலிருந்து. அம்மா மீனுக்கு ஐஸ் வாங்கப் போயிருந்த நேரம்.

"மாமா, ஒண்ணு சொன்னா திட்ட மாட்டியே?"

திட்ட மாட்டேன் என்றேன்.

"அன்னிக்கு நான் ஃபர்ஸ்ட்டு போவல. தம்பிதான் ஃபர்ஸ்ட்டு போனான். எனுக்கு ஊசின்னா பயம். அவனைத் தள்ளிவுட்டுட்டேன். அப்புறமா கேட்டப்போ ரெண்டாவது ஆளுக்குத்தான் வெசம்னு பேசிகினு இருந்தீங்களா, அதான் மாத்திச் சொல்ட்டேன்."

ஈயம் ஏறினால் வயிறு வலிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வயிறு ஏதாவது வலிக்கிறதா என்று கேட்டேன். அடிக்கடி வலிக்குது என்றாள். எத்தனை நாளாக என்றேன். தெரியாது என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அப்ப அது நானா மாமா? நான்னா அம்மாகிட்ட சொல்லாத. அது தம்பிக்கே அழுதுகினு கீது."

ஒன்பது வயது. அன்றைக்குச் சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் தம்பியைப் பார்த்துப் பாவப்பட்டு இப்போது மாற்றிச் சொல்கிறாளோ என்று ஒரு நேரம் தோன்றுகிறது. அந்த வயிற்று வலியை நினைத்தால் இப்போது சொல்வதுதான் உண்மை என்று படுகிறது. அவள் வார்த்தையை மீறித் தனத்திடம் சொல்லிவிட்டேன். தனம் இப்போது இரண்டு பேரையும் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். காசிமேட்டுக்குப் போவதில்லை.

குழுத் தலைவரே, நான் படிக்காமல் படித்தேன் என்று சொன்னவன். பெற்றவன் இல்லாதபோது அவன் பெயரில் கையெழுத்துப் போட்டவன். அந்தக் குற்றத்தை என் பெயர் போட்டு இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஊர் என்னை என்ன கேட்டாலும் பதில் சொல்வேன். நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியது இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு படிவம் என்று அனுமதி கொடுத்தவர் நீங்கள். வீட்டுக்கு ஒரு படிவம் வந்ததே, அதை உங்கள் குழுவில் யாராவது எடுத்துப் பார்த்தீர்களா? பட்டியலிலேயே அதிகமான எண் உங்கள் மேஜைக்கு வந்ததா இல்லையா? வந்திருந்தால், அது ஒரு பிள்ளை என்று யாருக்கும் தோன்றவில்லையா? எங்களை மாதிரி வெளியாளுக்கென்று ஒரு நாற்காலி உங்கள் குழுவில் உண்டே, அதில் உட்கார்ந்திருந்தவர் யார், அவர் வாயைத் திறந்தாரா?

எனக்குத் தனிக் கடிதம் போடாதீர்கள். இதே பத்திரிகையில், தமிழில், உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள். அதற்கு முன்னால் அந்த பீரோவைத் திறந்து, இரண்டாவதாகக் கை நீட்டிய பிள்ளை யார் என்று என் தங்கையிடம் போய்ச் சொல்லுங்கள். இரண்டு வருடம் ஏன் சொல்லவில்லை என்பதை ஊருக்குச் சொல்லுங்கள்.